பதின்மூன்றாம் சேனல்

இருக்கிற ஒரு பொருள் நம் கண்ணில் படாமல் போக எட்டுக் காரணங்கள் உண்டு என்கிறது சாங்கிய காரிகையின் ஏழாம் செய்யுள். மிகத் தொலைவில் இருப்பது, மிக அருகில் இருப்பது, பொறி பழுதுபட்டிருப்பது, மனம் வேறெங்கோ இருப்பது, பொருள் நுண்ணியதாக இருப்பது, நடுவில் ஒன்று மறைப்பது, வலுவான இன்னொன்று அமுக்கிவிடுவது, தன்னைப் போன்றவற்றோடு கலந்து கிடப்பது. இதை எழுதிய ஈசுவரகிருஷ்ணரின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆறாம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் இந்த நூலைச் சீன மொழிக்குக் கொண்டுபோய்விட்டார் என்பதால், அதற்கு முந்தியவர் என்பது உறுதி.

கடவுள் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்ல உபந்நியாசகர்கள் இந்தப் பட்டியலை எடுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அது பயன்படுவது வேறு காரியத்துக்கு. பத்தமடையில் லினக்ஸ் போட்ட லாப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றால் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீசியனாக இருந்தவன். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்த 78,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவன். லினக்ஸ் பழக்கம் அதற்கும் முந்தியது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லாப்டாப் திட்டத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸோடு கூட, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி பழசாகி விண்டோஸ் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பெரியவர்களுக்கு நான் அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு மாமா.

வைஃபை கார்டும் ஒரு புலன்தான். காற்றில் இருப்பதைக் கேட்டுச் சொல்வது அதன் வேலை. அது “ஒன்றும் இல்லை” என்றால் உடனே நம்பிவிடக் கூடாது. எட்டுக் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும்.

மிக அருகு என்பதற்குக் கௌடபாதரின் உரை காட்டும் உதாரணம், கண்ணில் தீட்டிய மை. லாப்டாப்பில் அந்த மை கீபோர்டின் மேல் வரிசையில், விமானப் படம் போட்ட பட்டனில் இருக்கும். கை தவறிப் பட்டிருக்கும், பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. டெர்மினலைத் திறந்து ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று அடித்தால் தடை மென்பொருளில் இருக்கிறதா, பெட்டியின் சுவிட்சில் இருக்கிறதா என்று இரண்டு வரியில் சொல்லிவிடும்.

பொறி பழுது என்றால் பின்மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கார்டு. அதன் ஓரத்தில் கடுகளவில் பொன்னிறமாக இரண்டு முனைகள். திரையின் விளிம்பில் ஒளிந்திருக்கும் ஆன்டெனாவிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் இறங்கி வந்து அந்த முனைகளில் உட்காரும். லாப்டாப் கீழே விழுந்தால் முதலில் கழன்றுகொள்வது இவைதான். நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் உட்காரவில்லை என்று பொருள்.

மனம் ஒன்றாமைதான் லினக்ஸில் அடிக்கடி வருவது. ‘எல்எஸ்பிசிஐ -கே’ கட்டளையில் கார்டின் பெயர் வரும், ஆனால் அதை எந்த டிரைவர் நடத்துகிறது என்ற வரி இருக்காது. கண் திறந்திருக்கிறது, பார்க்க உள்ளே ஆள் இல்லை. சில நேரம் டிரைவர் இருக்கும், அது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இருக்காது. ‘டிமெஸ்ஜி’ பதிவைப் புரட்டினால் கழித்தல் இரண்டு என்று ஒரு பிழை எண் தெரியும். அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று அதற்கு அர்த்தம். மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேரைத் தங்கள் அதிகாரபூர்வமான நிறுவல் தட்டில் சேர்ப்பதில்லை என்று டெபியன்காரர்கள் நீண்ட காலம் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 2022-ல் வாக்கெடுப்பு நடத்தித்தான் அதைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

மற்ற ஐந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொலைவு எல்லோருக்கும் தெரிந்தது. மறைப்புக்கு, ரவுட்டர் முன்னால் நிற்கும் இரும்பு பீரோ போதும். பகலில் சூரியனால் நட்சத்திரம் அமுங்கிப்போகிறது என்று உரைகாரர்கள் சொன்ன இடத்தில், 2450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டுக்கொள்ளலாம். பயறுக் குவியலில் எறிந்த ஒரு பயற்றை அடையாளம் காண முடியாதது போல, கம்பெனி வைத்த பெயரை மாற்றாத ரவுட்டர்கள் ஒரே தெருவில் நாலைந்து இருந்தால் நம்முடையது எது என்று தெரியாது. நுண்மைக்கு, பெயரை வெளியிடாமல் மறைத்து வைத்த ரவுட்டர்.

இத்தனையையும் கழிக்கப் பொறுமை இல்லாதவர்கள் “ஃபார்மேட் பண்ணிருவோம் மாமா” என்பார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி அறிவின் குற்றங்களாக எட்டை அடுக்குவான். அவற்றில் ஒன்று தேராது தெளிதல். ஃபார்மேட் அந்த வகை.

இந்த எட்டிலும் அடங்காத ஒரு லாப்டாப் ஒருநாள் வந்தது. பாய் நெய்கிற தெருவிலிருந்து திருநெல்வேலிக்குக் கல்லூரி போய்வருகிற பிள்ளை கொண்டுவந்தாள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. அமெரிக்காவில் ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, கப்பலேறி வந்த பெட்டி.

“எல்லா வைஃபையும் தெரியுது மாமா. எங்க வீட்டுது மட்டும் தெரியமாட்டேங்கு. உம்மா போன்ல வருது, தம்பி போன்ல வருது, இதுல மட்டும் இல்லங்கு.”

அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவள் உம்மா தரையோடு தரையாக இருக்கும் தறியில் உட்கார்ந்து, நனைத்த கோரையைப் பாவு நூல்களுக்கு நடுவே செலுத்திக்கொண்டிருந்தார். சுருட்டி வைத்த பாய்களுக்கு மேலே அலமாரியில் ரவுட்டர், பச்சை விளக்கோடு. லாப்டாப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடையும் இல்லை. பக்கத்து வீட்டு ரவுட்டர்களை அது வரிசையாகக் காட்டுகிறது என்றால் பொறியில் பழுது இல்லை. டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் இருக்கிறது, பதிவில் ஒரு பிழையும் இல்லை. ரவுட்டரின் பெயரும் வெளிப்படையாகத்தான் இருக்கிறது.

கடைசியில் ‘ஐடபிள்யூ லிஸ்ட்’ அடித்தேன். கார்டுக்குக் கேட்கத் தெரிந்த அலைவரிசைகளை எல்லாம் அது வரி வரியாகக் கொட்டும். முதல் சேனல் 2412 மெகாஹெர்ட்ஸ், அங்கிருந்து ஐந்து ஐந்தாக ஏறிப் பதினொன்றாம் சேனல் 2462. அதன் கீழே இரண்டு வரிகள்: 2467, 2472. இரண்டின் பக்கத்திலும் ‘டிசேபிள்ட்’ என்று இருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், சேனலைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். அது 2472-ல், அதாவது பதின்மூன்றாம் சேனலில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது சட்டம். 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2005 ஜனவரியில் இந்திய அரசு விதி செய்தது. அதில் பதின்மூன்று சேனல்களும் அடங்கும். அமெரிக்காவுக்கென்று செய்யும் கருவிகள் பதினொன்றோடு நின்றுகொள்ளும். அந்த நாட்டுக் குறியைச் சில கார்டுகளுக்குள் செய்யும்போதே எழுதிவிடுகிறார்கள். நாம் வெளியிலிருந்து ‘ஐஎன்’ என்று இந்தியக் குறியைக் கொடுத்தால், இரண்டு சட்டங்களுக்கும் பொதுவானதை மட்டும் லினக்ஸ் அனுமதிக்கும். பொதுவானது பதினொன்றுதான். கார்டைத் திருத்த வழியில்லாததால் ரவுட்டரை ஆறாம் சேனலுக்கு மாற்றினேன். வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

பிள்ளைக்கு வேலை முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஈசுவரகிருஷ்ணரின் எட்டில் இது எது? கண் நலமாக இருக்கிறது, மனம் ஒன்றியிருக்கிறது, பொருள் எதிரில் இருக்கிறது, மறைப்பு இல்லை. பார்ப்பவன் பிறந்த இடத்திலேயே “இந்தத் திசையில் பார்க்காதே” என்று எழுதிவிட்டார்கள். பட்டியலில் இப்படி ஒரு காரணம் இல்லை.

சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய திருவருட்பயனில் இருளைப் பற்றியும் ஆணவ மலத்தைப் பற்றியும் ஓர் ஒப்பீடு வரும். இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது என்றாலும், தான் இருப்பதையாவது காட்டும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். இந்த ஆணவத்தைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செம்பில் களிம்பைப் போல உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருக்கும் மறைப்பு அது.

ஃபர்ம்வேர் இல்லாத லாப்டாப் இருட்டில் இருக்கிறது. பிழை எண்ணோடு “எனக்குத் தெரியவில்லை” என்று வாய்விட்டுச் சொல்கிறது. அந்தப் பிள்ளையின் லாப்டாப் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஏழெட்டுப் பெயர்களை அழகாக அடுக்கி, அலைபலத்தைக் கோடு கோடாகக் காட்டி, இவ்வளவுதான் உலகம் என்று நிறைவாக இருந்தது. இரண்டு அலைவரிசைகளை நான் பார்ப்பதே இல்லை என்ற குறிப்பு அந்தப் பட்டியலில் எங்கும் கிடையாது. தெரியாமல் இருப்பதைவிட, தெரியாதது ஒன்று இருக்கிறது என்ற தடயமே இல்லாமல் இருப்பது மோசமான நிலை. உமாபதி சிவம் ஆணவத்தை இருட்டைவிடக் கொடியதாக வைத்ததன் நியாயம் எனக்கு அந்த வீட்டில்தான் பிடிபட்டது.

சித்தாந்தம் அடுத்து ஒரு படி போகிறது. தன் மறைப்பைத் தானே அறிய முடியாத உயிருக்கு, அது கேட்கக்கூடிய வடிவில், குருவாக இறைவனே வந்து உணர்த்துகிறான் என்பது சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம். அதற்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் எங்கள் ஆற்றின் மேல்முனையில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். கார்டு மாறாது, ரவுட்டர் இறங்கி வர வேண்டும். இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா என்று மகிழ்ந்துபோய் வாத்தியாரிடம் சொன்னேன்.

வாத்தியார் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர், கறுப்புச் சட்டைக்காரர். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு இதுதான் வேலை.

“வசதியான வாதம்லா அண்ணாச்சி” என்றார். “எவன் வேணும்னாலும் தன் சரக்கைப் பதிமூணாம் சேனல்ல கொண்டு வச்சுக்கிடலாம். பேய், செய்வினை, ஜோசியம், எல்லாத்துக்கும் அங்க எடம் இருக்கு. தெரியலன்னு சொன்னா உன் கார்டு சரியில்லன்னு சொல்லிரலாம்.”

அவர் சொன்னது நியாயம். ஈசுவரகிருஷ்ணருக்கும் இந்த ஆபத்து தெரிந்திருக்க வேண்டும். எட்டுக் காரணங்களைச் சொன்ன கையோடு அடுத்த செய்யுளிலேயே கடிவாளம் போடுகிறார். உலகத்துக்கு மூலகாரணமான மூலப்பகுதி கண்ணுக்குத் தெரியாதது நுண்மையால்தான், இல்லாமையால் அல்ல, ஏனென்றால் அதன் காரியங்களைக் கொண்டு அது இருப்பது தெரிகிறது என்கிறார். தெரியாத ஒன்றை உண்டு என்கிறவன் எட்டில் எந்தக் காரணம் என்று சொல்ல வேண்டும், அதன் விளைவையும் காட்ட வேண்டும். இத்தனைக்கும் அந்த நூலில் உலகைப் படைக்கும் கடவுளுக்கு இடமே இல்லை. உபந்நியாசகர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

பிள்ளையின் வீட்டில் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறின. வேறு கருவிகளில் அந்தப் பெயர் தெரிந்தது. சேனலை மாற்றினால் இதிலும் தெரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது, மாற்றினோம், தெரிந்தது.

“கடவுளுக்கு அந்த உம்மா போன் எது?” என்று வாத்தியார் கேட்டார்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது எளிது. 1887-ல் இங்கே குப்புசாமியாகப் பிறந்து, மலாயாவில் மருத்துவம் பார்த்து, 1924-ல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சிவானந்தரைச் சொன்னேன். நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய ஒருவர், கண்டதாகச் சொல்கிறாரே என்றேன்.

“ரெண்டு போன்லயும் ஒரே பேரு தெரிஞ்சுது. அதனால ஒத்துக்கிட்டோம். உங்க பெரியவங்க ஆளுக்கொரு பேரில்லா காட்டுதாங்க. சிவானந்தர் அத்வைதம், உங்க உமாபதி அதை மறுத்தவரு. அந்தப் பிள்ள வீட்ல அஞ்சு வேளை தொழுதாங்க. இதுல எந்த போனை நம்ப?”

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பதிலுக்கு அவர் பக்கத்துக் கணக்கைக் கேட்டேன். ‘இல்லை’ என்ற அறிவு எப்படிக் கிடைக்கிறது என்று அத்வைதிகளும் குமாரிலபட்டரின் வழி வந்த மீமாஞ்சகரும் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். தரையில் குடம் இல்லை என்று அறிவதற்கு அனுபலப்தி என்று தனியாக ஓர் அளவையே வைத்தார்கள். காணாதது எல்லாம் அதில் சேராது. இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற தகுதி உள்ள பொருளைக் காணாதபோதுதான் ‘இல்லை’ அறிவாகிறது. வெளிச்சத்தில் குடத்தைக் காணாவிட்டால் குடம் இல்லை. கும்மிருட்டில் காணாவிட்டால் அதில் தெரிய வருவது ஒன்றும் இல்லை. கடவுள் இருந்தால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் முதலில் நிறுவ வேண்டாமா என்றேன்.

அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: “எப்படிப்பட்ட கடவுள்னு சொல்லுங்க. மொட்டை போட்டா பரிட்சையில பாஸ் பண்ண வைக்கிற கடவுள்னா, அவரு இருந்தா தெரிஞ்சிருக்கணும். தெரியல. ஆகவே இல்ல.”

அந்தக் கடவுளைப் பொறுத்தவரை நான் வாத்தியாரோடு சேர்ந்தே ‘இல்லை’ என்று சொல்லத் தயார். அனுபலப்தியின் இலக்கணப்படி அது சரியான அறிவு. காரியம் சொல்லி விற்கப்பட்ட எந்தக் கடவுளுக்கும் இதே சோதனைதான். சோதனைக்கே வராத கடவுளைப் பற்றி உண்டு என்று அடித்துப் பேச எனக்கு வழியில்லை, இல்லை என்று அடித்துப் பேச அவருக்கும் வழியில்லை. நான் நம்புகிறவன். காலையில் திருநீறு பூசாமல் வெளியே கிளம்புகிறதில்லை. அது என் நிலை. அதை வாதத்தில் வென்ற நிலம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த விவகாரத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. அந்த லாப்டாப்பின் குறை அந்த லாப்டாப்பால் தெரியவரவில்லை. எத்தனை முறை தேடச் சொன்னாலும் அது அதே பட்டியலைத்தான் தந்திருக்கும். வேறொரு சட்டத்தின் கீழ் செய்யப்பட்ட ஒரு போன் பக்கத்தில் இருந்ததால்தான் பிள்ளைக்குச் சந்தேகமே வந்தது. அந்த வீட்டில் இருந்த கருவிகள் எல்லாம் அமெரிக்கக் குறி உள்ளவையாக இருந்திருந்தால், ரவுட்டர் கெட்டுவிட்டது என்று ஒருமனதாக முடிவு செய்து தூக்கிப் போட்டிருப்பார்கள். ஒரே மாதிரியான கருவிகள் ஒத்துப்போவதால் மட்டும் உண்மை நிலைப்படாது.

அப்படியானால் ஆணவம் என்ற கொள்கையை நேர்மையாக ஏற்பவன் முதலில் செய்ய வேண்டியது, தன் கூட்டத்துக்கு வெளியே உள்ளவனைத் தேடிப் போவது. என் பட்டியலில் எது விட்டுப்போயிருக்கிறது என்று இன்னொரு சிவபூசைக்காரரால் சொல்ல முடியாது. வாத்தியார் சொல்லலாம். தொழுகைக்கு விரிப்பை விரிக்கிற அந்தப் பிள்ளை சொல்லலாம். அவர்கள் ஆளுக்கொரு பெயர் காட்டுவது வாத்தியாருக்கு மறுப்பாகத் தெரிகிறது. எனக்கு அது, எந்தப் பட்டியலும் முழுசு இல்லை என்பதற்கு அடையாளமாகப் படுகிறது. இது வாத்தியாருக்கும் பொருந்தும் என்று அவரிடமே சொன்னேன். பொருந்தாது என்று அவர் சொல்லவில்லை.

எழுந்து போகும்போது ஒன்று கேட்டார். “ரவுட்டர் எறங்கி வந்துச்சுன்னு சொல்லுதியளே. அதுவா வந்துச்சு? பாஸ்வேர்டு போட்டு நீங்கல்லா எறக்குனீங்க?”

உண்மை. சித்தாந்தம் சொல்லும் அருள் தானாக இறங்கும், அந்த வீட்டில் ஒருவர் போய் மாற்ற வேண்டியிருந்தது. உவமை அங்கே உடைகிறது, ஒட்டவைக்க நான் முயலப்போவதில்லை. ஆனால் உடைந்த இடத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கேட்கிறவனுக்கு எட்டாத அலைவரிசையில் பேசிக்கொண்டு அவனைச் செவிடன் என்று சொல்லும் உரிமை பேசுகிறவனுக்கு இல்லை. பிறந்தபோதே பதினொன்றோடு நிறுத்தப்பட்ட ஒருவரிடம் பதின்மூன்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஆறுக்கு வந்து பேச வேண்டும். வாத்தியாரோடு பேசும்போது ஆறு என்பது காரணம், விளைவு, சோதனை. என் நம்பிக்கையில் அந்த மொழியில் சொல்லக்கூடியது எவ்வளவு தேறும் என்று பார்க்கிறேன். தேறாததை அவர் ஏற்க வேண்டும் என்று கேட்க மாட்டேன்.